லிடிட்சே என்னும் சிற்றூர்

செக் நாட்டின் தலைநகராகிய பிராக் நகரிலிருந்து வடமேற்கே ஏறத்தாழ 20 கிலோமீட்டர் தொலைவில், கிளாட்னோ என்னும் தொழில் நகருக்கு அண்மையில், லிடிட்சே என்றோர் ஊர் இருக்கிறது. மக்கள் தொகை சில நூறுகளே. கோட்டை கொத்தளங்களைக் காண விழைவோர் அங்கே செல்லவேண்டியதில்லை. அவற்றுக்குப் பிராக் நகரமே போதும். லிடிட்சேயில் காணக் கிடைப்பது பெரும்பாலும் ஒரு புல்வெளி. அப்புல்வெளியைக் காணத்தான் உலகின் பல பகுதிகளிலிருந்தும் மக்கள் வருகின்றனர்.

இவ்வூர் இனி உலகப் படத்தில் இருத்தலாகாது என்று ஓர் ஆட்சி 1942-ஆம் ஆண்டில் ஆணையிட்டது. அவ்வாணை எப்படி நிறைவேற்றப்பட்டது, பின்னர் எப்படித் தோற்றது, அத்தோல்வியின் சின்னங்களாக இன்று அங்கே எவை நிற்கின்றன என்பனவற்றை நண்பர்களுக்குச் சொல்லவே இக்கட்டுரை எழுந்தது.

ஊர் பழமையானது. 1318-ஆம் ஆண்டு ஆவணம் ஒன்றிலே அதன் பெயர் முதன்முதலாகக் காணப்படுகிறது. பதினான்காம் நூற்றாண்டிலே புனித மார்ட்டின் பெயரால் ஒரு தேவாலயம் எழுந்தது. ஹூஸைட் போர்களிலே அது தீக்கிரையாயிற்று, எடுத்துக் கட்டினார்கள். முப்பதாண்டுப் போரிலே மறுபடியும் பாழாயிற்று. மறுபடியும் எடுத்து, 1732-ஆம் ஆண்டில் பரோக் பாணியிலே முடித்தார்கள். ஐரோப்பியச் சிற்றூர்கள் பலவற்றின் கதையும் இதுவே. வயலும் பழமரங்களும் ஓர் ஓடையும் ஒரு குளமும் பள்ளிக்கூடமும் உடைய ஊர் அது. கிளாட்னோவில் நிலக்கரிச் சுரங்கங்களும் எஃகு ஆலைகளும் பெருகியபின், லிடிட்சேயின் ஆடவர் பலர் அங்கே கூலிவேலைக்குச் செல்லலாயினர். 1942-இல் ஏறத்தாழ ஐந்நூறு பேர் அங்கு வாழ்ந்தனர். அவர்களுள் பெரிய தலைவர் எவரும் இலர். பெரிய குற்றவாளி எவரும் இலர்.

1939 மார்ச்சில் ஹிட்லரின் படை செக் நாட்டைக் கைக்கொண்டது. 1941 செப்டம்பரில் அந்நாட்டை ஆள ரைன்ஹார்ட் ஹைட்ரிக் என்பான் பிராக் நகருக்கு அனுப்பப்பட்டான். யூத மக்களை ஐரோப்பாவிலிருந்தே ஒழித்துவிடும் திட்டத்தை ஒருங்கிணைக்க 1942 சனவரியில் வான்சே மாளிகையில் கூடிய கூட்டத்துக்குத் தலைமை தாங்கியவனும் இவனே. இங்கிலாந்திலே பயிற்சி பெற்று, வான்குடை வழியே தாய்நாட்டில் இறங்கிய யோசப் காப்சீக், யான் குபிஷ் என்னும் இரு வீரர்கள், 1942 மே 27-ஆம் நாள் அவனுடைய காரை வழிமறித்துத் தாக்கினர். சூன் 4-ஆம் நாள் ஹைட்ரிக் இறந்தான்.

பழிக்குப் பழி வேண்டும். ஆனால் தாக்கியவர்கள் அகப்படவில்லை. அந்த வேளையில், தொழிற்சாலையில் பணிபுரிந்த ஒரு பெண்ணுக்கு வந்த காதல் கடிதம் ஒன்று காவலர் கையில் சிக்கியது. அதை எழுதியவன் தன்னை ஏதோ மறைபொருள் நிறைந்த வீரன்போலக் காட்டிக்கொள்ள விரும்பினான் போலும். அக்கடிதத்தைத் துருவியபோது லிடிட்சேயின் பெயர் வந்தது. அவ்வூர்க் குடும்பங்கள் இரண்டில், ஹோராக் குடும்பத்து மகனும் ஸ்திரீப்ர்னி குடும்பத்து மகனும், நாட்டைவிட்டுத் தப்பி இங்கிலாந்தின் வான்படையிலே பணியாற்றி வந்தனர். இவ்வளவுதான் தொடர்பு. ஊரைச் சோதித்தார்கள்; ஆயுதமும் கிடைக்கவில்லை, வானொலிக் கருவியும் கிடைக்கவில்லை. ஹைட்ரிக் கொலைக்கும் அவ்வூருக்கும் ஒட்டும் இல்லை, உறவும் இல்லை. அது தெரிந்தபின்னும் ஆணை பிறந்தது. சூன் 9-ஆம் நாள் பெர்லினில் ஹைட்ரிக்கின் இறுதிச் சடங்கு நடந்தது. அன்றைக்கே கார்ல் ஹெர்மன் பிராங்க் என்னும் அதிகாரி வாயிலாக ஹிட்லரின் கட்டளை பிராக் நகருக்கு வந்தது. ஆடவர் அனைவரையும் சுடுக; பெண்டிரைச் சிறை முகாமுக்கு அனுப்புக; பிள்ளைகளுள் செருமானியராக வளர்க்கத் தக்கவரைப் பிரித்தெடுக்க; ஊரைக் கொளுத்தித் தரைமட்டம் ஆக்குக.

அன்றிரவே ஊர் முற்றுகையிடப்பட்டது. பொழுது விடிவதற்குள் பெண்களும் குழந்தைகளும் பள்ளிக்கூடத்துக்கும், அங்கிருந்து கிளாட்னோவுக்கும் கொண்டுசெல்லப்பட்டனர். பதினைந்து வயது கடந்த ஆடவர் ஹோராக் குடும்பத்தின் பண்ணை வீட்டில் அடைக்கப்பட்டனர். சூன் 10 காலையிலே அப்பண்ணையின் தோட்டத்தில் சுடுதல் தொடங்கிற்று. குண்டு சுவரில் பட்டுத் தெறித்துச் சுடுபவரைத் தாக்கிவிடக் கூடாது என்று, ஊரார் வீடுகளிலிருந்தே மெத்தைகளை இழுத்து வந்து சுவரோரம் சாத்தினார்கள். முதலில் ஐந்து ஐந்து பேராகச் சுட்டனர். வேலை மெதுவாக நடக்கிறதென்று கண்டு, பின்னர்ப் பத்துப் பத்துப் பேராக நிறுத்தினர். அன்று அங்கே மாண்டவர் 173 பேர். அவர்களுள் ஒருவர் யோசப் ஷ்டெம்பெர்கா என்னும் முதிய பாதிரியார். முப்பது ஆண்டுகளுக்கு மேலாக அவ்வூர்த் தேவாலயத்திலே பணிபுரிந்தவர். இரவு வேலைக்குச் சென்றிருந்தவர்களும், முன்னரே பிடித்துச் செல்லப்பட்டவர்களும் பிராக் நகரில் சுடப்பட்டனர். ஆக, லிடிட்சே இழந்த ஆடவர் 192 பேர். பிணங்களைப் புதைக்க டெரசீன் முகாமிலிருந்து யூதக் கைதிகள் முப்பது பேர் கொண்டுவரப்பட்டனர். ஓர் இனத்தையே அழிக்க முனைந்தவர்கள், அவ்வினத்தாரைக் கொண்டே மற்றவரின் சவக்குழியை வெட்டுவித்தனர்.

பெண்டிர் 203 பேர், பிள்ளைகள் 105 பேர். கிளாட்னோவில் ஒரு பள்ளியின் உடற்பயிற்சிக் கூடத்திலே, வைக்கோல் பரப்பிய தரையில் மூன்று நாள் அடைந்து கிடந்தனர். பின்னர்த் தாயையும் பிள்ளையையும் பிரித்தனர். தாய்மார் ராவன்ஸ்ப்ரூக் முகாமுக்குச் சென்றனர். பிள்ளைகள் எங்கே என்ற கேள்விக்கு அவர்களுக்குப் போர் முடியும்வரை விடை கிடைக்கவில்லை. பிள்ளைகளைப் போலந்திலுள்ள லோட்ஸ் நகரத்துக்குக் கொண்டுசென்று வைத்திருந்தனர். அங்கிருந்து மூத்த பிள்ளைகள் சிலர் உறவினருக்கு அஞ்சலட்டை எழுதினர். உடுக்க உடையும் உண்ண ரொட்டியும் அனுப்புமாறு கேட்டனர். செருமானியராக்கத் தக்கவர் என்று கருதப்பட்ட சிலர் பிரிக்கப்பட்டனர். எஞ்சியோர் ஹெல்ம்னோ என்னும் கொலைக்களத்துக்கு அனுப்பப்பட்டனர். மாண்ட பிள்ளைகள் 82 பேர். மூடிய வண்டிக்குள் ஆட்களை ஏற்றி, எஞ்சினின் புகையை உள்ளே செலுத்திக் கொல்வது அங்கே வழக்கம். கார்பன் மோனாக்சைடு குருதியிலுள்ள ஹீமோகுளோபினோடு ஆக்சிஜனைவிடப் பன்மடங்கு வன்மையாகப் பிணையும் என்பதை நாங்கள் வேதியியல் வகுப்பிலே ஒரு சமன்பாடாகப் படிக்கிறோம். அச்சமன்பாட்டைப் படித்தவர்கள்தாம் அந்த வண்டியையும் வடிவமைத்திருப்பார்கள்.

ஆட்கள் போயினர்; இனி ஊர். லிடிட்சேயை வேறு பல கொடுமைகளினின்று பிரித்துக் காட்டுவது இந்தப் பகுதியே. வீடுகளைக் கொளுத்துவதோடு அவர்கள் நிற்கவில்லை. எரிந்த சுவர்களை வெடிவைத்துத் தகர்த்தனர். இரண்டு போர்களைக் கண்டும் எழுந்த புனித மார்ட்டின் தேவாலயம் இம்முறை வெடிமருந்தால் வீழ்ந்தது. இடுகாட்டைத் தோண்டினர்; இறந்தவர்களுக்கும் அவ்வூரில் இடமில்லை என்றாயிற்று. பழமரங்களை வெட்டினர். குளத்தைத் தூர்த்தனர். ஓடையின் போக்கையே மாற்றினர். அழிவுப் பணி மாதக்கணக்கில் நடந்தது. இத்தனையையும் ஒரு திரைப்படமாக எடுத்தும் வைத்தனர்! செய்வது குற்றம் என்ற எண்ணமே அவர்களுக்கு இருந்ததாகத் தெரியவில்லை. நல்ல வேலைக்குச் சான்று வேண்டுமென்று படம் பிடித்தார்கள். போருக்குப்பின் நியூரம்பர்க் நீதிமன்றத்திலே அப்படமே அவர்களுக்கு எதிரான சான்றாயிற்று. பிராங்க் 1946 மே 22-ஆம் நாள் பிராக் நகரில் தூக்கிலிடப்பட்டான்.

இந்த அழிவைத் தன் கண்ணால் கண்டு மலைத்து நின்ற ஒரு மனிதரின் வரலாறு உண்டு. பிரான்டிஷெக் சாய்ட்ல் என்பது அவர் பெயர். வீட்டுச் சண்டையிலே தற்செயலாகத் தம் மகனையே கொன்றுவிட்டு, அதற்காக நான்காண்டுச் சிறைத்தண்டனை அடைந்தவர். 1942 டிசம்பரில், கிறிஸ்துமஸ் திருநாளுக்கு இரண்டு நாள் இருக்கையில் விடுதலை பெற்று, ஊர் நோக்கி நடந்தார். சிறைக்குள் அவருக்கு யாரும் ஒன்றும் சொல்லவில்லை. வழக்கமான பாதையிலே வந்தார். ஊர் இருக்கவேண்டிய பள்ளத்தில் ஒன்றுமே இல்லை. சிறையில் இருந்ததால் உயிர் பிழைத்த லிடிட்சே ஆடவர் அவர். இதைக் கதையாக எவரேனும் புனைந்திருந்தால் நம்பமாட்டோம்.

பெரும்பாலான கொலைகளை நாஜிகள் மறைத்தே செய்தனர். லிடிட்சேயை மட்டும் அவர்களே அன்று மாலை வானொலியில் பறைசாற்றினர். ஆடவர் சுடப்பட்டனர், ஊரின் பெயர் நீக்கப்பட்டது என்று. செக் மக்கள் அஞ்சி ஒடுங்கவேண்டும் என்பது கருத்து. அஞ்சினார்கள் என்பதும் உண்மையே. ஆனால் அச்செய்தி எல்லை கடந்தது. அதே சூன் 24-ஆம் நாள் கிழக்குப் பொஹீமியாவில் லெசாக்கி என்னும் குக்கிராமமும் அழிக்கப்பட்டது. அதன் பெயரை உலகம் அவ்வளவாக அறியாது. பெலாரஸ் நாட்டில் எரிக்கப்பட்ட நூற்றுக்கணக்கான ஊர்களின் பெயர்களையோ நம்மில் எவரும் சொல்ல இயலாது. புகழிலும் கூடத் துயரங்களுக்குள்ளே ஏற்றத்தாழ்வு உண்டு என்பது வருந்தத்தக்கதே.

அழிக்கப்பட்ட பெயரை வேறு ஊர்கள் எடுத்துச் சூட்டிக்கொண்டன. அமெரிக்காவில் இல்லினாய் மாநிலத்திலே ஜோலியெட் நகருக்கு அருகில் ஒரு குடியிருப்பு 1942-லேயே லிடிட்சே ஆயிற்று. மெக்சிகோ நகரத்தைச் சார்ந்த சான் ஹெரோனிமோ தன் பெயரோடு அதையும் சேர்த்துக்கொண்டது. பிரேசிலிலும் பனாமாவிலும் அப்பெயருள்ள ஊர்கள் உள. செக் இசைப்புலவர் பொகுஸ்லாவ் மார்ட்டினூ அமெரிக்காவில் இருந்தவாறே 1943-இல் லிடிட்சேக்கு நினைவிசை ஒன்று அமைத்தார். அதே ஆண்டில், இங்கிலாந்தின் ஹம்ப்ரி ஜென்னிங்ஸ் வேல்ஸ் நாட்டுச் சுரங்கத் தொழிலாளர் வாழும் ஒரு சிற்றூரையே லிடிட்சேயாக எண்ணி, அவ்வூர் மக்களையே நடிக்கவைத்துத் திரைப்படம் எடுத்தார்.

எல்லாவற்றிலும் எனக்குப் பெரிதாகத் தோன்றுவது ஸ்டோக்-ஆன்-ட்ரென்ட் நகரத்தார் செய்ததுதான். இங்கிலாந்தில் மண்பாண்டத் தொழிலும் நிலக்கரிச் சுரங்கமும் மிகுந்த நகரம் அது. அங்கே மருத்துவராகவும் நகர்மன்ற உறுப்பினராகவும் இருந்த பார்னட் ஸ்ட்ராஸ், 1942 செப்டம்பர் 6-ஆம் நாள் “லிடிட்சே வாழும்” என்னும் இயக்கத்தைத் தொடங்கினார். நாடு கடந்து வாழ்ந்த செக்கோஸ்லோவாக்கியக் குடியரசுத் தலைவர் பெனேஷ் அக்கூட்டத்துக்கு வந்திருந்தார். போர் எந்தப் பக்கம் சாயும் என்று எவருக்கும் தெரியாத காலம்; உணவுக்கே பங்கீடு. அப்பொழுது சுரங்கத் தொழிலாளர், தாம் கண்டும் கேட்டுமிராத ஓர் ஊரைத் திரும்பக் கட்ட, வாரக்கூலியிலிருந்து காசு கொடுத்தார்கள். லிடிட்சேயின் ஆடவரும் சுரங்கத்துக்குள் இறங்கியவர்கள் என்பது அவர்களுக்குப் போதுமானதாக இருந்தது.

1945-இல் போர் முடிந்தது. பெண்டிருள் 143 பேர் திரும்பினர்; 60 பேர் திரும்பவில்லை. நடந்தது அவர்களுக்கு அப்பொழுதுதான் தெரிந்தது. பிள்ளைகளைத் தேடும் பணி ஆண்டுக்கணக்கில் நடந்தது. கிடைத்தவர் 17 பேர். கைக்குழந்தைகளாய் இருந்தமையால் பிராக் நகரில் வைக்கப்பட்டவர் சிலர். செருமானியக் குடும்பங்களில் புதுப்பெயரோடு வளர்ந்தவர் சிலர். மரியே டோலெசாலோவா என்னும் சிறுமி அவ்வாறு வளர்ந்தவள். 1946-இல் அவளை அழைத்து வந்தபோது அவள் தாய் மருத்துவமனையிலே காசநோயால் சாகக் கிடந்தாள். மகளுக்குச் செக் மொழி மறந்து போயிருந்தது. தாய்க்குச் செருமன் தெரியாது. ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டதோடு சரி. பேச மூன்றாமவர் ஒருவரின் மொழிபெயர்ப்பு வேண்டியிருந்தது. பிறமொழி வழங்கும் நகரங்களிலே வளர்ந்த நம்மில் சிலர் தமிழைத் தட்டுத் தடுமாறிப் பேசுகிறோம். விடுமுறைக்கு ஊர் சென்றால் பாட்டி நகைக்கிறாள். அது வேறு, அதை நாமே நேர்செய்துகொள்ளலாம். இங்கே நாலாண்டுக்குள் ஒரு குழந்தையின் நாவிலிருந்து தாய்மொழியைத் திட்டமிட்டு அகற்றியிருந்தார்கள். அச்சிறுமி 1947-இல் நியூரம்பர்க்கில் சான்று கூறினாள். பின்னர் அவ்வூர்ப் பெண்மணியாகவே நெடுங்காலம் வாழ்ந்து, 2021-இல் மறைந்தார்.

ஊரை மீண்டும் கட்டுவது என்று 1945 சூனிலேயே அரசு அறிவித்தது. எங்கே கட்டுவது? பழைய அடித்தளங்களின்மேல் கட்டியிருந்தால், சவக்குழியின்மேல் அடுப்பு மூட்டியதாகும். ஆகவே பழைய ஊர் இருந்த பள்ளத்தை வெறுமையாகவே விட்டுவிட்டு, சற்றுத் தள்ளி மேட்டுப்பகுதியில் புதிய ஊரை எழுப்பினர். 1947 சூனில் அடிக்கல் நாட்டினார்கள். 150 வீடுகள் எழுந்தன. கணவனும் பிள்ளையும் இல்லாத பெண்களுக்கு வீடு கிடைத்தது. வீடு கிடைத்தது என்பதற்குமேல் அதைப்பற்றிச் சொல்ல என்ன இருக்கிறது?

பிரான்சு நாட்டில் ஒராதூர் என்னும் ஊர் 1944 சூன் 10-ஆம் நாள், லிடிட்சே அழிந்து சரியாக ஈராண்டு கழித்து, அதே கதியை அடைந்தது. அங்கே எரிந்த சுவர்களையும் துருப்பிடித்த கார்களையும் அப்படியே விட்டுவைத்திருக்கிறார்கள். இடிபாடே அங்கு நினைவுச் சின்னம். லிடிட்சேயில் விட்டுவைக்க இடிபாடும் இல்லை. வெறுமைதான் எஞ்சியது, அவ்வெறுமையையே சின்னமாகக் கொண்டார்கள். இரண்டில் எது பார்ப்பவர் நெஞ்சை மிகுதியும் தாக்கும் என்பதில் கருத்து வேறுபாடு இருக்கலாம். லிடிட்சேதான் என்பது என் துணிபு. ஒராதூரில் கண்ணுக்கு வேலை இருக்கிறது. இங்கே மனம்தான் வீடுகளைக் கட்டிப் பார்க்கவேண்டும்.

பள்ளத்தில் இறங்கினால், ஹோராக் பண்ணையின் அடித்தளக் கற்களைக் காணலாம். தேவாலயத்தின் அடித்தளமும் பள்ளியின் அடித்தளமும் அவ்வாறே தெரியும்படி வைக்கப்பட்டுள்ளன. ஆடவரின் பொதுக் கல்லறை அருகில் உள்ளது. அழிவுக்குத் தப்பியதாகக் கூறப்படும் பேரி மரம் ஒன்றையும் காட்டுவார்கள். அருங்காட்சியகமும் தூண் வரிசையும் சேர்ந்த நினைவகம் 1962-இல் திறக்கப்பட்டது. பழைய ஊரின் இடத்துக்கும் புதிய ஊருக்கும் நடுவே ரோசாத் தோட்டம். அதுவும் டாக்டர் ஸ்ட்ராஸின் முயற்சியே. முப்பதுக்கும் மேற்பட்ட நாடுகள் செடிகளை அனுப்பின. 1955 சூனில் தோட்டம் திறக்கப்பட்டது. செடிகள் ஆயிரக்கணக்கில். இடையில் சில ஆண்டுகள் பேணுவாரின்றிச் சீர்கெட்டு, இந்நூற்றாண்டின் தொடக்கத்தில் மீண்டும் செப்பனிடப்பட்டது. நினைவுச் சின்னத்துக்குக் கல்லைவிட ரோசா கடினமான பொருள்: கல்லை நட்டுவிட்டு மறந்துபோகலாம், ரோசாவை மறந்தால் மறுகோடையிலேயே தெரிந்துவிடும்.

எல்லாச் சின்னங்களிலும் தலையாயது மரியே உகிடிலோவா என்னும் சிற்பி ஆக்கிய பிள்ளைகள் சிலை. பழைய செக்கோஸ்லோவாக்கியாவில் வழங்கிய ஒரு குரவுன் நாணயத்தில், மண்டியிட்டு மரக்கன்று நடும் பெண் உருவம் இருந்ததல்லவா, அதை வடித்தவரும் இவரே. நாடெங்கும் சட்டைப்பையில் இவர் கைவண்ணம் ஒலித்துக்கொண்டிருந்தது. ஆயினும் இவர் தம் வாழ்நாளின் பெரும்பணியாகக் கொண்டது, 82 பிள்ளைகளையும் தனித்தனியே உருவாக்கி, நின்ற கோலத்தில் ஒரே கூட்டமாக நிறுத்துவது. பெண்பிள்ளைகள் 42, ஆண்பிள்ளைகள் 40. 1969-இல் தொடங்கிய வேலை இருபது ஆண்டு நீண்டது. 1989-இல் எண்பத்திரண்டு உருவங்களையும் சுதையில் முடித்தார். வெண்கலத்தில் வார்க்கப் பணம் இல்லை. தம் சேமிப்பைக் கொண்டு மூன்றை மட்டும் வார்த்தார். அவ்வாண்டு நவம்பரிலே திடீரென்று இறந்துபோனார். அதன்பின் அவர் கணவர் அப்பணியைத் தம் பணியாகக் கொண்டார். நன்கொடைகள் சேரச் சேர, 1995 முதல் சிலைகள் சிறிது சிறிதாக வந்து நின்றன. 2000-ஆம் ஆண்டில் கூட்டம் நிறைந்தது. மூத்தவர் பின்னும் சிறியவர் முன்னுமாக நின்று, ஊர் இருந்த பள்ளத்தையே பார்த்தவண்ணம் இருக்கின்றனர். காண வருவோர் பொம்மைகளைக் கொண்டுவந்து அவர்கள் காலடியில் வைத்துச் செல்கின்றனர்.

நினைவகம் என்றால் அங்கே பூசல் இராது என்று எண்ணிவிடக் கூடாது. மறைந்து வாழ்ந்த யூதப் பெண் ஒருத்தியை 1942-க்கு முன் ஊரில் ஒருவர் காட்டிக்கொடுத்தார் என்று ஒரு வரலாற்றாய்வாளர் சில ஆண்டுகளுக்குமுன் சொன்னபோது, எஞ்சியிருந்தவர்கள் மனம் புண்பட்டனர்; சச்சரவு முற்றி, 2020-இல் நினைவகத்தின் இயக்குநர் பதவி விலகினார். அழிக்கப்பட்ட ஊர் குற்றமற்றவர்கள் மட்டுமே வாழ்ந்த ஊராக இருந்திருக்க வேண்டும் என்று நாம் ஏன் எதிர்பார்க்கிறோம் என்பது விளங்கவில்லை. எந்த ஊரில்தான் எல்லாரும் நல்லவர்?

புதிய ஊரில் ஓர் ஓவியக் கூடம் உண்டு. மாண்ட பிள்ளைகளின் நினைவாக 1967 முதல் அங்கே சிறுவர் ஓவியக் கண்காட்சி நடைபெற்று வருகிறது. 1973 முதல் அது பன்னாட்டுக் கண்காட்சி. 4 வயது முதல் 16 வயது வரை உள்ளவர்கள் படங்கள் அனுப்பலாம். இந்தியச் சிறுவர்களும் அனுப்பிப் பரிசு பெற்றிருக்கிறார்கள். நம் சங்கத்தின் ஞாயிற்றுக்கிழமைத் தமிழ் வகுப்பிலே படிக்கும் சிறுவர்களுள் நன்றாக வரைபவர் நாலைந்து பேர் இருக்கிறார்கள். அவர்களிடம் சொல்லி, அடுத்த கண்காட்சிக்குப் படங்களைத் திரட்டி அனுப்பலாம் என்று எண்ணியிருக்கிறேன். உடன் உழைக்க விரும்பும் நண்பர்கள், வகுப்பு நடக்கும் வேளையில் என்னை வந்து காணலாம்.